பரீட்சைக்குப் படுத்த நாள்

ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். பயந்தோம், கடவுள் காப்பாற்றினார், டாக்டர் தெய்வம் என்று எழுதுகிறார்கள். நானும் பயந்தேன். என்னையும் டாக்டர்கள்தான் காப்பாற்றினார்கள். ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெட்கம். காது மடல் சுடுகிற வெட்கம். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் பாதிப் பொய்யாகிவிடும். என்னைப் போல ஒரு பெண் எங்காவது ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சிவகாமி. தி.நகரில் அப்பாவுக்குச் சின்னதாகப் பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கடை போட்ட குடும்பம். நான் பிறந்தது மாம்பலத்தில்தான். பிறக்கும்போதே நீலம். எல்லோருக்கும் இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. கீழறைகளில் ஒன்று கெட்ட ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும், மற்றது சுத்தமான ரத்தத்தை உடம்புக்கு அனுப்பும். எனக்குக் கீழறை ஒன்றே ஒன்றுதான். நல்லதும் கெட்டதும் அதிலேயே கலந்து வெளியே போகும். அதனால் உதடும் நகமும் எப்போதும் நாவற்பழம் தின்றவள் போல இருக்கும். நுரையீரலுக்குப் போகிற வழியும் குறுகல். அந்த இரண்டாவது குறைதான் என்னை இத்தனை வயது வரை வைத்திருந்தது என்று பெரிய டாக்டர் சொல்வார். வழி அகலமாக இருந்திருந்தால் ரத்தம் மட்டுமீறிப் பாய்ந்து நுரையீரல் அப்போதே கெட்டிருக்குமாம். ஒரு குறைக்கு இன்னொரு குறை காவல்.

இதை மறைக்க அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் நகத்துக்கு மருதாணி. எங்காவது விசேஷத்துக்குப் போனால் வாய் நிறைய வெற்றிலை. "நல்லா மென்னு உதட்டுல தடவிக்கோட்டி" என்பாள். சின்னப் பெண் இப்படி வெற்றிலை போடுகிறதே என்று யாராவது கேட்டால், "அவளுக்கு வாயுத் தொந்தரவு" என்று பதில் தயாராக இருக்கும். மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தில் நாலு படி ஏறினால் எனக்கு மூச்சு முட்டும். குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால்தான் அடங்கும். போகிறவர் வருகிறவர் பார்ப்பார்களே என்று அம்மா என் முன்னால் சேலையை விரித்துக்கொண்டு நின்று, ஏதோ காசு கீழே விழுந்துவிட்டது போலத் தானும் குனிந்து தேடுவாள். அந்தப் பாலத்தில் நாங்கள் தொலைக்காத காசு இல்லை.

பதினாறு வயதில் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். தொடையில் ஊசி போட்டு, இதயம் வரை மெல்லிய குழாய் விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். அறுவை செய்ய ஒன்றுமில்லை, இப்படியே ஓடட்டும், மாதம் ஒரு முறை வா என்றார்கள். சரி, அதோடு விட்டார்களா என்றால், அதுதான் இல்லை. என் மாதிரி இதயத்தோடு வளர்ந்த ஆள் அபூர்வமாம். பெரிய டாக்டருக்கு என்னைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். "இந்தச் சத்தத்தை எல்லாரும் கேட்டே ஆகணும்" என்று மாணவர்களைக் கூப்பிடுவார். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாம் மீசை முளைத்த பையன்கள், கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். ரவிக்கையைக் கழற்ற வேண்டும். ஸ்டெதாஸ்கோப் ஒன்று மாற்றி ஒன்று ஜில்லென்று வந்து உட்காரும். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கெட்ட எண்ணத்தோடு யாரும் பார்த்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்கள் என் உடம்பில் தேடுவது நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளைத்தானே? அதை நானே சொல்லிவிட்டால்? "சிங்கிள் வென்ட்ரிக்கிள், பல்மனரி ஸ்டெனோசிஸ். முணுமுணுப்புச் சத்தம் இடது பக்கம் மூணாவது விலா இடுக்குல. நாடி எழுபத்திரெண்டு, சீரா இருக்கு." பாசுரம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொல்வேன். ஒற்றை மாணவன் வந்தால் பெரும்பாலும் சிரித்துவிட்டு, எழுதிக்கொண்டு, ஸ்டெதாஸ்கோப் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். ரவிக்கை ஊக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். எனக்கு இதில் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது. மாம்பலத்துப் பெண் டாக்டருக்கே பாடம் சொல்கிறாளே என்று.

எமர்ஜென்சிக்கு முந்தைய வருடம். எனக்கு இருபத்து நாலு முடிந்திருந்தது. சில வாரங்களாகவே திடீர் திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது ஒரு தடவை, துணி காயப்போடும்போது ஒரு தடவை. சைதாப்பேட்டையில் அத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் அப்படியே சரிந்து, பக்கத்திலிருந்த அம்மாளின் தோளில் சாய்ந்துவிட்டேன். கண் விழித்தால் கண்டக்டர் நிற்கிறார்.

"இன்னாம்மா, தூங்கிக்கினே வர்றியா? ஸ்டாப்பு தாண்டிப் போய்க்கினு கீது."

ஆமாம் தூங்கிவிட்டேன் என்றேன். வீட்டில் பித்தம் என்றேன். அம்மா இஞ்சிச் சாறு கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். புதுசாக ஏதோ வந்திருக்கிறது என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு குழாய். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எம்.டி. பரீட்சைக்கு என்னை வரச் சொன்னார்கள். மருத்துவப் பரீட்சை எப்படி நடக்கும் என்று வெளியில் பலருக்குத் தெரியாது. நிஜ நோயாளிகளைக் கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள். பரீட்சை எழுதும் டாக்டர் வந்து விசாரித்து, சோதித்து, இன்ன நோய் என்று கண்டுபிடித்துப் பரீட்சகரிடம் சொல்ல வேண்டும். நோயாளி தன் நோயைச் சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லாத நோயாளி கிடையாது என்பது வழக்கம். வார்டு ஆயா கன்னியம்மா எங்களை வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அதட்டினாள்.

"ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது, ஆமா!" பிறகு குனிந்து என் காதில், "ரொம்பக் கெஞ்சினா சொல்லிடு கண்ணு. பாவம், புள்ளகுட்டிக்காரனுங்க."

எனக்கு அவள் சொல்லித்தரவே வேண்டாம். கெஞ்சாமலே சொல்கிறவள் நான்.

எனக்கு முதலில் வந்தது டாக்டர் வசந்தி. மயிலாப்பூர்க்காரர். மூன்று வருடமாக அதே பிரிவில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரியிலேயே எனக்குப் பிடித்த ஒரே டாக்டர் என்று சொல்லலாம். அவர் வந்தால் முதல் காரியம் திரையை இழுத்துவிடுவது. மாணவர்கள் கூட்டமாக வந்தால், "இன்னிக்கு அவளுக்கு முடியலை, நாளைக்குப் பாத்துக்கோங்கோ" என்று துரத்திவிடுவார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"பெருமாளே, நீயா எனக்கு! ராத்திரி முழுக்க யார் வரப் போறாளோன்னு தவிச்சுண்டிருந்தேன்."

திரையை இழுத்தார். நான் மெதுவான குரலில் ஒப்பித்தேன். அவர் எழுதினார். மணிக்கட்டில் விரல் வைத்து, எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டே, "நாடி?" என்றார். "எழுபத்திரெண்டு, சீரா இருக்கு" என்றேன். விரலை எடுத்துவிட்டு எழுதினார். என் நெஞ்சில் குழாயை வைக்கவே இல்லை. "கூச்சப்படாதே, எனக்குத்தான் தெரியுமே. அத்தனை தடவை கேட்டாச்சு" என்று போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். மீதி நேரம் முழுவதும் ஆத்துல தங்கைக்குக் கல்யாணம் கூடி வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும், "நீ நன்னா இருப்பே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் டாக்டர் செல்வராஜ். பருமனான ஆள், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் "சிங்கிள் வென்ட்ரிக்கிள்" என்று ஆரம்பித்ததும் காதைப் பொத்தாத குறையாகக் கையைத் தூக்கினார்.

"வேணாம்மா, தயவுசெஞ்சு சொல்லாதீங்க. போன தடவை ஒரு பெரியவர் சொன்னாரேன்னு நம்பி எழுதித்தான் மண்ணக் கவ்வினேன். அவருக்கு ஈரலு, அவரு சொன்னது அவரு சம்சாரத்தோட வியாதி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கடிகாரத்தைக் கழற்றிப் படுக்கையில் வைத்துக்கொண்டு என் நாடியைப் பிடித்தார். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினார். முகம் மாறியது. மறுபடியும் எண்ணினார். பிறகு என்னைச் சற்று நிமிர்த்திச் சாய்த்து, கழுத்தில் உள்ள நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்தில் என்ன பார்வை?

"மயக்கம் வருதாம்மா?"

"இல்லை."

"கண்ணு இருட்டிக்கிட்டு வருதா? எங்கயாச்சும் விழுந்தீங்களா?"

"இல்லைங்கிறேனே."

அவர் எழுந்து, பரீட்சை நடுவில் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தார். திரையை விலக்கிப் பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். "சார், ரேட்டு முப்பத்தெட்டு சார். கழுத்து வெயினு நடுவுல நடுவுல துள்ளுது சார்." வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "சற்று முன்னால் இதே நோயாளிக்கு எழுபத்திரண்டு என்று எழுதியிருக்கிறதே?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் படித்தது பள்ளிக்கூட இங்கிலீஷ்தான். ஆனாலும் புரிந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளை போல எழுந்து உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அத்தோடு விளக்கு அணைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் கை வரவில்லை. விழித்தபோது ஹாலில் இருந்த டாக்டர்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். ரவிக்கையைக் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டியிருந்தார்கள். நின்ற இதயத்தை எழுப்ப யாரோ நெஞ்சில் முஷ்டியால் குத்தியிருக்கிறார்கள், எலும்பு வலித்தது. திரை இல்லை, போர்வை இல்லை. சேலை இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. அந்த ஈரம் என்னவென்று புரிந்த கணத்தில், ஏன் விழித்தோம் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருடம் ஒரு ஊக்கைக் காப்பாற்ற எத்தனை சாமர்த்தியம் பண்ணினேன்! எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் வாங்கிவிட்டேன்.

கன்னியம்மாதான் ஆண்களை விலக்கிக்கொண்டு வந்து வேறு சேலை சுற்றினாள். நான் தேம்புவதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அய்யே, இன்னாத்துக்கு இப்ப அயுவுற? உசுரு போய்ட்டு வந்து கீது. துணி நனைஞ்சா தொவச்சுக்கலாம். உசுர எங்க போயி தொவைக்கிறது?"

என்ன வந்தது என்று மறுநாள் பெரிய டாக்டர் அம்மா அப்பாவிடம் விளக்கினார். இதயம் துடிக்க ஒரு சின்ன மின்சாரம் உள்ளேயே உண்டாகிறது. மேலறையில் பிறந்து, ஒரு நரம்பு வழியாகக் கீழறைக்கு வருகிறது. ஒற்றைக் கீழறை உள்ளவர்களுக்கு அந்த நரம்பு பிறவியிலேயே இடம் மாறி, பலவீனமாக ஓடுவதுண்டு. வயது ஏற ஏற ஒரு நாள் அறுந்துபோகும். அப்புறம் மேலறை தன்பாட்டுக்கு வேகமாகத் துடிக்கும், கீழறை தன்பாட்டுக்கு ஏனோதானோ என்று துடிக்கும். இதற்கு இதய அடைப்பு என்று பெயர். ரத்தக் குழாய் அடைப்பு அல்ல, மின்சார அடைப்பு. கீழறை சில விநாடி துடிக்க மறந்தால் மயக்கம். மறந்தே போனால் முடிந்தது.

"எத்தனை நாளா மயக்கம்?" என்று கேட்டார்.

"பித்தம்னு சொன்னாளே" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தேன். துடிப்பை முடுக்கிவிட ஒரு மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்றினார்கள். அது ஏறினால் நெஞ்சு படபடக்கும், குறைத்தால் கண் இருட்டும். மலையாள சிஸ்டர் ஒருவர் பாட்டில் மாற்றும்போதெல்லாம் ரப்பர் குழாயை விரலால் சுண்டிச் சுண்டி விடுவார். ஒரு காற்றுக் குமிழ் உள்ளே போகக் கூடாதாம். மற்றவர்களுக்கு அது நுரையீரலில் நின்றுவிடும். எனக்கோ ஒரே அறை, நேரே மூளைக்குப் போய்விடலாம். ராத்திரியில் அந்தச் சுண்டும் சத்தம் கேட்டால் எனக்குத் தைரியம். கேட்காவிட்டால் நானே விழித்துக்கொண்டு குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வழி ஒன்றுதான் இருந்தது. பேஸ்மேக்கர். பாட்டரிப் பெட்டி ஒன்றிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் கொடுத்துக் கீழறையைத் துடிக்க வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்தக் கம்பியை ரத்தக் குழாய் வழியாக உள்ளே விடுகிறார்கள். எனக்கு அப்படி விட்டால் கம்பியில் உறைந்த ரத்தத் துணுக்கு மூளைக்குப் போகும் அபாயம் உண்டு. அதனால் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் வெளிப்புறத்தில் கம்பியைத் தைத்து, பெட்டியை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைக்க வேண்டும். நீல ரத்தக்காரிக்கு மயக்க மருந்து கொடுப்பதே கண்டம். பிழைத்தால் பிழைப்பேன், அவ்வளவுதான். பெட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வந்தது. எப்படி வந்தது என்று அம்மாவைக் கேட்டேன், பேச்சை மாற்றினாள். என் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த நகை போய்விட்டது என்று புரிந்தது. யாரும் பெண் கேட்டு வரப்போவதில்லை என்று தெரிந்தும் விடாமல் சேர்த்த நகை.

"ஏம்மா?" என்றேன்.

"உனக்குன்னு செஞ்சதுதானட்டி. கழுத்துல போட்டா என்ன, வயித்துல வச்சா என்ன? எந்துரிச்சு வந்தாப் போதும்னு நெனைக்கேன்."

அறுவைக்கு முந்தைய வாரம் கன்னியம்மா தரை துடைத்துக்கொண்டே சேதி சொன்னாள். "உனக்குத் தெரியுமா? அந்த மயிலாப்பூர் டாக்டரம்மா பெயிலாயிட்டாங்க. உன் கையைப் பாக்காமலே எழுதிட்டாங்களாம். அந்தக் குண்டு டாக்டர் பாஸு."

சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். என்னிடம் மரியாதையாக நடந்துகொண்ட ஒரே ஆளை நான் கவிழ்த்திருக்கிறேன். அவர் என் வார்டுப் பக்கமே வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அன்று சாயங்காலமே வந்தார். வழக்கம்போல முதலில் திரையை இழுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அழுதேன்.

"நீ எதுக்கு அழறே? எண்ண வேண்டியவ நான்" என்றார். குரல் அத்தனை இதமாக இல்லை. "ஆத்துல அம்மா ரெண்டு நாளாப் பேசலை. பேசலைன்னா போகட்டும். செல்வராஜ் எண்ணாம இருந்திருந்தா அன்னிக்கே உன்னைத் திருப்பி அனுப்பியிருப்போம். பஸ்ஸுல போயிருப்பே. அதை நெனச்சுண்டா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்கறது. உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு நான் பாக்காமலே விட்டேன். ஏதோ நல்லது பண்றதா நெனச்சுண்டு மூணு வருஷம்."

"நான்தான் எழுபத்திரெண்டுன்னு…"

"நீ என்ன வேணா சொல்லுவே."

என் கையை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய ஒரு நிமிடம் எண்ணினார். பிறகு போர்வையை விலக்கி, என்னிடம் அனுமதி கேட்காமல், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எனக்குக் கூசியது. அவருக்கும் கூசியிருக்கும். நிறுத்தவில்லை. நான் அங்கிருந்த வரை தினமும் வந்து அப்படியே செய்தார். ஸ்நேகமாகப் பேசினோமா என்றால், முன்போல இல்லை.

அறுவையைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. தூங்கினேன், விழித்தேன், விலாவில் ஒரு குழாய் இருந்தது, மூச்சு விட்டால் உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் தலைக்குள் ஒரு தெளிவு. பல மாதமாக மங்கலாக எரிந்த பல்பு பளிச்சென்று எரிந்த மாதிரி. அதுவரை எத்தனை இருட்டில் இருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அப்பா தூரத்தில் நின்று என் முகத்தையே பார்த்தார். பாத்திரம் விற்கிறவர், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாது. "என்ன தாயி, பசிக்கா?" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு விதமான வெட்கம் காத்திருந்தது. அந்தப் பெட்டி உள்ளங்கை அகலம், ஒரு பூட்டின் கனம். இடது பக்கம் வயிற்றில் புடைத்துக்கொண்டு நிற்கும். நம் உடையோ அந்த இடத்தைத்தான் காட்டும். எப்படிச் சுற்றினாலும் தெரியும். கடைக்குக் குடம் வாங்க வந்த ஓர் அம்மாள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "எத்தனை மாசம்?" என்று கேட்டாள். கழுத்தில் தாலி இல்லாததையும் பார்த்தாள். குடம் வாங்காமலே போய்விட்டாள். அப்பா அன்று முழுவதும் என் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் காலையில் கடைக்குக் கிளம்புமுன் அவர் செய்கிற வேலை ஒன்று உண்டு. டிரான்சிஸ்டர் ரேடியோவை எந்த ஸ்டேஷனும் வராத இடத்தில் வைத்து அந்தப் பெட்டியின் அருகே கொண்டுபோனால், பெட்டி துடிக்கும்போதெல்லாம் டக், டக் என்று கேட்கும். நிமிடத்துக்கு எழுபது. எண்ணிக்கை குறைந்தால் பாட்டரி இறங்குகிறது என்று அர்த்தம், உடனே வர வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கு எண்ணும்போது கணக்குத் தப்பும். நானே எண்ணட்டுமா என்றால் அவர் விடவில்லை. வயது வந்த மகளின் இடுப்பருகே ரேடியோவைப் பிடிக்க வேண்டும். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி ரேடியோவைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார். எண்ணி முடித்ததும் "சரி" என்பார். நான் சேலையைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் திரும்புவார்.

இரண்டு வருடம் "சரி" என்றவர், ஒரு நாள் ரேடியோவை இன்னும் அருகே நீட்டினார். மறுபடியும் எண்ணினார். "அறுபத்தஞ்சுதான் வருது தாயி" என்றார். கடையைத் திறக்காமல் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அன்று அங்கே இருந்தது டாக்டர் வசந்தி. அடுத்த தடவை பாஸ் செய்து, அங்கேயே வேலையில் சேர்ந்திருந்தார். ஆறேழு மாணவர்களோடு வந்தார். திரையை இழுத்தார், ஆனால் மாணவர்களைத் திரைக்கு உள்ளேயே வைத்துக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்கிற பார்வை. நான் தலையசைத்தேன். ஒரு மாணவியை முன்னால் தள்ளினார். பத்தொன்பது இருபது வயதிருக்கும். ரெட்டைப் பின்னல். என் முந்தானையைத் தொடக் கையை நீட்டியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பின்னால் நிற்கிற பையன்களை ஓரக்கண்ணால் பார்த்து முகம் சிவந்தாள்.

"அக்கா, உங்களுக்கு என்னன்னு நீங்களே சொல்லிடுங்களேன்" என்றாள் மெல்ல.

என் நாக்கு நுனியில் எல்லாம் தயாராக வந்து நின்றது. ஒரே மூச்சு போதும். அவளும் தப்பித்திருப்பாள், நானும்தான். அத்தனை கண்களும் என் இடுப்பில் இருந்தன. அப்பா திரைக்கு வெளியே நிற்கிறார், எல்லாம் அவர் காதில் விழும்.

"சொல்ல மாட்டேன்மா" என்றேன். "எண்ணிப் பாரு."

முந்தானையை நானே விலக்கிவிட்டுக் கையை நீட்டினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு வருடத்துக்கு முன் எப்படி இருந்ததோ அதே வெட்கம், ஒரு மாற்றுக் குறையவில்லை. அந்தப் பெண் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தாள்.

"அறுபத்திமூணு, மேடம்."

"இன்னொரு தடவை எண்ணு" என்றார் வசந்தி.

அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.